கராத்தேயின் இந்திய மூதாதை: ஒரு வம்சாவளியின் கண்ணிகள்

கராத்தே ஒகினாவாத் தீவில் வளர்ந்து, 1922க்குப் பிறகு டோக்கியோவில் இன்றைய வடிவம் பெற்ற தற்காப்புக் கலை. இந்த அளவில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒகினாவாவுக்கு முன்னால் அது எங்கிருந்தது என்று கேட்கும்போதுதான் சர்ச்சை தொடங்குகிறது. இந்தியாவில் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு இது: காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர் களரியோ வர்மமோ கற்றுத் தேர்ந்தவர், அவர் சீனா சென்று ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்கு அதைப் பயிற்றுவித்தார், அது குங்ஃபூ ஆயிற்று, குங்ஃபூ ஒகினாவாவுக்குப் போய்க் கராத்தே ஆயிற்று. காஞ்சி, ஷாவோலின், ஒகினாவா, டோக்கியோ என்று நான்கு இடங்கள். அவற்றை இணைக்கும் மூன்று கண்ணிகளில் பின்னால் உள்ளவை உறுதியாகவும் முன்னால் உள்ளவை தளர்ந்தும் கிடக்கின்றன.

பெங்களூரில் இந்தக் கதைக்கு மூன்று திசைகளிலிருந்து வலுச் சேர்கிறது. 2011 தீபாவளிக்கு வெளியான ‘7ஆம் அறிவு’ படத்தில் சூர்யா ஏற்ற போதிதர்மர் வேடம் தமிழர் வழி வந்தது. கேரளத்தின் களரி, பயிற்சிக் கூடங்கள் வழியாகவும், ‘ஆட்டக்களரி’ போன்ற நடன நிறுவனங்கள் வழியாகவும் நகரத்துக்குள் நுழைந்தது. மூன்றாவது, பழைய மைசூர் நாட்டுக்கே உரிய வஜ்ரமுஷ்டி மற்போர். கராத்தே என்ற சொல்லுக்கே இங்கே திரைப்பட வாசம் அதிகம். நடிகர் சங்கர் நாக்கைக் கன்னட ரசிகர்கள் ‘கராத்தே கிங்’ என்று கொண்டாடினார்கள். அவர் 1990இல் இறந்த பிறகும் அவர் படம் பெங்களூரு ஆட்டோக்களின் முதுகில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தமிழிலும் ‘கராத்தே’ என்பது பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டமானது. ஒரு கலை இப்படி ஊர்வசப்பட்ட பிறகு, அது நம் ஊரிலிருந்தே போனது என்று சொல்லக் கேட்பதில் யாருக்கும் கசப்பு இராது.

போதிதர்மரைப் பற்றிய பழைய சான்றுகள்

போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல், யாங் ஷுவான்ச்சி கி.பி. 547இல் எழுதிய லோயாங் நகரப் பௌத்த மடங்களின் வரலாறு. அழிந்துபோன தலைநகரை நினைத்து எழுதப்பட்ட நூல் அது. அதில் போதிதர்மர் ஒரே ஒரு காட்சியில் வருகிறார். யோங்நிங் மடத்தின் மரக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, தனக்கு 150 வயது, எத்தனையோ நாடுகள் சுற்றியும் இப்படி ஒரு கட்டடத்தைக் கண்டதில்லை என்று வியந்து, கைகூப்பி ‘நமோ’ என்று நாள்கணக்கில் ஓதிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கோபுரம் 516இல் எழுந்து 534இல் எரிந்தது. அதனால் அவர் லோயாங்கில் இருந்த காலம் ஓரளவு தெளிவாகிறது. ஆனால் இதே நூல் அவரைப் பாரசீகத்தவர் என்கிறது.

தென்னிந்தியர் என்ற செய்தி அடுத்த தலைமுறையில் வருகிறது. அவர் போதனைகளுக்கு முன்னுரை எழுதிய டான்லின், அவரைத் தென்னிந்தியப் பேரரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். 645 அளவில் பௌத்தத் துறவிகளின் வரலாற்றைத் தொகுத்த தாவ்ஷுவான் தென்னிந்தியப் பிராமணர் என்று எழுதுகிறார். காஞ்சி என்ற ஊர்ப்பெயர் இந்தப் பழைய சான்றுகள் எதிலும் இல்லை. 1004இல் தொகுக்கப்பட்ட சான் (ஜென்) பௌத்த குருபரம்பரை நூல், ‘ஷியாங்ச்சி’ நாட்டு அரசரின் மூன்றாம் மகன் என்கிறது. அதைக் காஞ்சி என்று படிப்பது பிற்கால ஆய்வாளர்களின் ஊகம். ஒலி ஒத்துப்போவதால் ஊகத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் ஆள் வாழ்ந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு கழித்து எழுதப்பட்ட பெயர் அது.

தமிழகப் பக்கச் சான்று இன்னும் மெலிவு. பல்லவர் செப்பேடுகள் தரும் வம்சாவளியில் போதிதர்மர் இல்லை. 640ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதுகிறார். நாளந்தாவின் தலைவராக விளங்கிய தர்மபாலர் பிறந்த ஊர் அது என்று தவறாமல் பதிவு செய்கிறார். சீனாவில் புதிய பௌத்த மரபொன்றுக்கே முதல்வராகப் பின்னால் கருதப்பட்டவரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. இந்த மௌனத்தை மட்டும் வைத்துக் காஞ்சியை மறுத்துவிட முடியாது. போதிதர்மரின் புகழ் அப்போது இன்னும் வளரவில்லை. மணிமேகலை வந்து சேர்ந்த காஞ்சி பௌத்தர்களின் ஊர் என்பதில் ஐயமில்லை. அங்கிருந்து ஒரு துறவி சீனா போயிருப்பது முழுக்கவே நடக்கக்கூடிய காரியம். ஆனால் மேற்சொன்ன நூல்கள் எதிலும் அவர் சண்டை கற்றதாகவோ கற்பித்ததாகவோ ஒரு வரிகூட இல்லை. அவரைப் பற்றிய நினைவெல்லாம் சுவரை நோக்கி அமர்ந்த தியானம்தான்.

ஷாவோலினும் இரண்டு இந்தியர்களும்

ஷாவோலின் மடம் போதிதர்மருக்காகக் கட்டப்பட்டதும் அன்று. 495இல் வடக்கு வெய் பேரரசர் அதைக் கட்டிக்கொடுத்தது பாத்துவா என்று சீனர் அழைத்த வேறொரு இந்தியத் துறவிக்கு. மடத்தின் போர்ப் புகழ் 621இல் தொடங்குகிறது. பின்னால் தாங் பேரரசரான லி ஷிமின், எதிரியான வாங் ஷிச்சோங்கோடு மோதியபோது ஷாவோலின் துறவிகள் அவருக்குத் துணைநின்றார்கள். பதின்மூன்று பேரின் பெயர்கள் 728ஆம் ஆண்டுக் கல்வெட்டில் உள்ளன. அவர்கள் என்ன கலை பயின்றவர்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை.

மடத்தின் கலையை விரிவாக விவரிக்கும் முதல் நூல் ஆயிரம் ஆண்டு கழித்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் சோங்யூ எழுதியது. அது கம்புச் சண்டை நூல்; வெறுங்கைச் சண்டை அன்று. அதன் மூலகுருவாக அவர் சொல்வதும் போதிதர்மரை அல்ல, ‘ஜின்னாலுவோ’ அரசரை. அதாவது கின்னரரை. சிவப்புத் தலைப்பாகைக் கலகக்காரர்கள் மடத்தைச் சூழ்ந்தபோது, அடுக்களையில் வேலை செய்த எளிய ஆள் ஒருவர் அடுப்புக் கோலைத் தூக்கிக்கொண்டு பேருருவம் எடுத்து அவர்களை விரட்டினார் என்பது 1517ஆம் ஆண்டுக் கல்வெட்டு தாங்கி நிற்கும் மடத்துக் கதை. இந்தியாவில் யாழும் பாட்டுமாக அறியப்பட்ட கின்னரர், சீனாவில் கம்பேந்திய காவல் தெய்வமாகிவிட்டார்.

அதற்கும் முன்னால் மடத்தின் வலிமைக்குத் தெய்வம் வஜ்ரபாணி. இவரைப் பற்றி 8ஆம் நூற்றாண்டுச் சீன எழுத்தாளர் ஜாங் ஜுவோ ஒரு கதை சொல்கிறார். மற்ற இளந்துறவிகளால் அடிபட்டு நொந்த செங்ச்சோ என்ற மெலிந்த துறவி வஜ்ரபாணியின் காலைப் பிடித்து ஆறு நாள் வேண்டுகிறார். விடியற்காலையில் தெய்வம் ஒரு கலயம் நிறையத் தசைநாருடன் வந்து தின்னச் சொல்கிறது. சைவ விரதம் பூண்டவர் தயங்க, வஜ்ராயுதத்தைக் காட்டி மிரட்டித் தின்னவைக்கிறது. அதன்பின் அவர் உடம்பில் யாரும் கைவைக்க முடியவில்லை. ஷாவோலின் வரலாற்றை ஆராய்ந்து 2008இல் நூல் வெளியிட்ட மெய்ர் ஷஹார் இந்தத் தெய்வ வழிபாட்டைத்தான் முக்கியமான இழையாகக் காண்கிறார். ஷாவோலின் சண்டைக் கலையில் இந்தியாவின் பங்கு எது என்று கேட்டால் ஆவணத்தோடு காட்டக்கூடியது இதுவே: தெய்வங்கள் வந்தன, மந்திரங்கள் வந்தன, வலிமையைப் பக்தியோடு சேர்த்துப் பார்க்கும் மனப்பாங்கு வந்தது. குத்தும் உதையும் வந்ததற்குத்தான் சாட்சி இல்லை.

அப்படியானால் போதிதர்மர் எப்போது ஆசான் ஆனார்? ‘யிஜின் ஜிங்’ என்ற தசைநார்ப் பயிற்சி நூல் அவர் பெயரில் வழங்குகிறது. இரும்புப் பெட்டிக்குள் அவர் வைத்துவிட்டுப் போன ஏடு என்று முன்னுரை சொல்லும். அந்த முன்னுரைகளில் ஒன்று 628ஆம் ஆண்டில் தளபதி லி ஜிங் எழுதியதாகத் தேதியிடப்பட்டது. இந்த நூலைத் தனக்குக் கொடுத்தவர் ‘சுருள்தாடி வீரர்’ என்கிறார் லி ஜிங். சுருள்தாடி வீரரோ, தாங் காலத்தின் பிற்பகுதியில் எழுந்த ஒரு கதையின் பாத்திரம். பிறக்காத பாத்திரம் கைமாற்றிக் கொடுத்த ஏடு என்பதால் 18ஆம் நூற்றாண்டு அறிஞர் லிங் திங்கான் முதல் 20ஆம் நூற்றாண்டின் டாங் ஹாவோ வரை பலரும் இதைப் போலி என்று ஒதுக்கினார்கள். உண்மையில் இது 1624இல், சோங்ஹெங் என்று தன்னை அழைத்துக்கொண்ட தாவோ மதத்தவர் ஒருவரிடமிருந்து வந்தது. அந்நூலும் உடற்பயிற்சி நூல்தான். ஷாவோலின் குத்துச் சண்டையைப் போதிதர்மரோடு நேராக முடிச்சுப் போட்டு எங்கும் பரப்பியது, லியூ ஏ என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடராக எழுதிய ‘லாவோ ட்சானின் பயணங்கள்’ என்ற நாவல். நாவலிலிருந்து கையேடுகளுக்கும், கையேடுகளிலிருந்து ஜப்பானுக்கும் அது பரவச் சில பத்தாண்டுகள் போதுமானதாக இருந்தன.

ஒகினாவா: ஆவணம் தொடங்கும் இடம்

ஒகினாவாவில் நிலைமை மாறுகிறது. ரியூக்யூ அரசு 1372 முதல் மிங் சீனாவுக்குத் திறை செலுத்திய நாடு. 1392இல் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்து குமே ஊரில் குடியேறியவர்களை ‘முப்பத்தாறு குடும்பங்கள்’ என்று மரபு குறிப்பிடும். ஃபூஜோ துறைமுகத்தில் ரியூக்யூ தூதர்களுக்கும் மாணவர்களுக்கும் தனி விடுதி இருந்தது. 1609இல் சட்சுமா ஜப்பானியர் ரியூக்யூவைக் கைப்பற்றிய பிறகும் இந்தப் போக்குவரத்து அறுபடவில்லை. 1762இல் புயலில் சிக்கி ஜப்பானின் தோசாக் கரையில் ஒதுங்கிய ரியூக்யூக் கப்பலில் இருந்தவர்களிடம் கேட்டு எழுதப்பட்ட ‘ஓஷிமா ஹிக்கி’, சீனாவிலிருந்து மாணவர்களோடு வந்து சண்டைக் கலையைக் காட்டிய ‘கூஷாங்கின்’ என்பவரைக் குறிப்பிடுகிறது. இன்று பெங்களூரில் கருப்பு பெல்ட்டுக்குப் பயிலும் மாணவர் ஆடும் ‘குஷாங்கு’ அல்லது ‘கன்கு’ என்ற கட்டாவின் (வகுத்த அசைவுத் தொடரின்) பெயர் இவரிடமிருந்தே வந்தது.

ஃபூஜியனோடு உள்ள உறவு ஆசான்களின் பரம்பரையிலும் நூல்களிலும் தெரிகிறது. ஒகினாவா ஆசான் ஹிகாவோன்னா கன்ரியோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபூஜோ சென்று பயின்றவர். அவருடைய ஆசான் ‘ரியூ ரியூ கோ’ யார் என்பது இன்றும் தீராத வழக்கு. ஷியே சோங்ஷியாங் என்ற ஃபூஜோ ஆசானாக இருக்கலாம் என்பது ஒரு தரப்பு. ஹிகாவோன்னாவின் மாணவர் மியாகி சோஜுன் 1934இல் கலையின் வரலாற்றைச் சுருக்கி எழுதியபோது, அது ஒகினாவாவுக்கு வந்த விதம் பற்றி வழங்கிய பல கருத்துகளைத் தொகுத்தார். 1828இல் ஃபூஜியனிலிருந்து வந்தது என்பது அவற்றில் ஒன்று. ஒகினாவா ஆசான்கள் கையால் படியெடுத்துப் போற்றிய ‘புபிஷி’ நூலும் ஃபூஜியனின் வெள்ளைக்கொக்கு குங்ஃபூ மரபைச் சேர்ந்தது. அந்த மரபைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் ஃபாங் ச்சிநியாங் ஒரு பெண். அவருடைய ஊர் யோங்ச்சுன்.

இங்கே தமிழருக்கு ஒரு சபலம் காத்திருக்கிறது. யோங்ச்சுன் இன்று சுவான்ஜோ நகர ஆட்சிக்குள் அடங்கியது. அதே சுவான்ஜோவில்தான் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயிலின் சிற்பங்களும் கிடைத்தன. குத்துவரிசை தெரிந்த வணிகக் காவலர்கள் அங்கே இருந்திருப்பார்கள், அதிலிருந்து வெள்ளைக்கொக்கு பிறந்தது என்று ஒரு புதுக் கோட்பாட்டை ஒரே மாலையில் எழுதிவிடலாம். போதிதர்மர் கதையைவிடக் காலத்தாலும் இடத்தாலும் அது நெருக்கமானதும்கூட. கல்வெட்டோ கோயிலைப் பற்றியே பேசுகிறது. சண்டைக் கலையைப் பற்றி ஒன்றும் இல்லை.

பௌத்தத் தொடர்பை வெளிப்படையாகவே மறுத்தவர் இதோசு அன்கோ. ஒகினாவாப் பள்ளிகளில் கராத்தேயைப் பாடமாக்கியவர் அவர். 1908இல் அரசுக்கு எழுதிய பத்துக் குறிப்புகளின் தொடக்கத்திலேயே, இக்கலை பௌத்தத்திலிருந்தோ கன்ஃபூசிய நெறியிலிருந்தோ வந்தது அன்று, முற்காலத்தில் சீனாவிலிருந்து ஷோரின், ஷோரே என்னும் இரு பிரிவுகளாக வந்தது என்று சொல்லிவிடுகிறார். கலையின் மூத்த ஆசான் ஒருவரே எழுதிக் கையளித்த இந்த வாக்குமூலத்தை இந்தியாவில் கிட்டத்தட்ட யாரும் எடுத்துக்காட்டுவதில்லை.

டோக்கியோவில் மாறிய பெயர்

இதோசுவின் மாணவர் ஃபுனகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவில் கலையைக் காட்டினார். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ அவருக்கு ஆதரவளித்தார். வெள்ளைச் சீருடையும் பெல்ட் முறையும் ஜூடோவிலிருந்து எடுத்தவை. அதுவரை கராத்தே என்ற பெயரின் முதல் எழுத்து ‘தாங்’ அரசமரபைக் குறிக்கும் சீனச் சின்னம். 1931இல் மஞ்சூரியாவைப் பிடித்து, சீனாவோடு முழுப்போருக்கு நகர்ந்துகொண்டிருந்த ஜப்பானில் அது உறுத்தலானது. அதே ஒலி கொண்ட, ‘வெறுமை’ என்று பொருள்படும் எழுத்து அதன் இடத்துக்கு வந்தது. ஹனாஷிரோ சோமோ என்ற ஆசான் 1905இலேயே அப்படி எழுதியிருந்தாலும், ஒகினாவா ஆசான்கள் கூடி ஏற்றது 1936 அக்டோபர் 25இல். அந்த நாளையே இன்று ஒகினாவா மாநிலம் கராத்தே தினமாகக் கொண்டாடுகிறது. ஃபுனகோஷி கட்டாக்களின் சீனப் பெயர்களையும் மாற்றினார்.

சீனா இப்படிப் படிப்படியாக விலக, போதிதர்மர் உள்ளே வந்தார். 1935இல் வெளியான ஃபுனகோஷியின் ‘கராத்தே-தோ க்யோஹான்’ நூல், தியானத்தில் சோர்ந்த ஷாவோலின் துறவிகளுக்கு தருமா (போதிதர்மரின் ஜப்பானியப் பெயர்) உடற்பயிற்சி கற்பித்த கதையைக் கலையின் தோற்றமாகச் சொல்கிறது. ஜப்பானியருக்கு தருமா அந்நியர் அல்லர். ஜென் மரபின் முதல்வர், கடைத்தெருவில் பொம்மையாக விற்கப்படுபவர். சீனப் பெயரைத் துறந்துவிட்டுச் சீன மடத்து இந்தியத் துறவியை ஏற்பதில் முரண் எதுவும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அதே ஃபுனகோஷி முதிய வயதில் எழுதிய தன்வரலாற்றில், கலையின் தொடக்க காலத்துக்கு எழுத்துச் சான்று ஏறத்தாழ இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

இந்திய மூலத்தைத் தன் அடித்தளமாகவே வைத்துக்கொண்ட ஜப்பானியக் கலை வேறொன்று: ஷோரின்ஜி கெம்போ. ஷோரின்ஜி என்பது ஷாவோலின் மடத்தின் ஜப்பானிய உச்சரிப்பு. இதை 1947இல் ககாவா மாநிலத்தின் தாதோத்சு ஊரில் நிறுவியவர் சோ தோஷின், இயற்பெயர் நகானோ மிச்சியோமி. போரில் தோற்று மனம் உடைந்த இளைஞர்களை நிமிர்த்துவதே நோக்கம் என்றார். 1951இல் அது மத அமைப்பாகப் பதிவானது. சீனாவில் இருந்தபோது வென் என்ற ஆசானிடம் பயின்றதாகவும், 1936இல் ஷாவோலினில் வைத்து அவருடைய வாரிசாக, 21ஆம் ஆசானாக, அறிவிக்கப்பட்டதாகவும் அவர் சொன்னார். மடத்தின் பெரும்பகுதி 1928இல் போர்ப் படைத்தலைவர் ஷி யூசானின் ஆட்களால் எரிக்கப்பட்டிருந்தது. அவரது சொந்தக் கூற்றுக்கு வெளியே இந்த வாரிசுரிமைக்குச் சீன ஆவணம் காட்டப்படவில்லை. பிடிகளில் பலவும் அவர் ஜப்பானிலேயே பயின்ற ஹக்கோ-ரியூ ஜுஜுத்சுவை ஒத்திருப்பதை விமர்சகர்கள் சுட்டுகிறார்கள்.

அவர் திரும்பத் திரும்பக் காட்டிய சான்று, தீயிலிருந்து தப்பிய வெள்ளாடை மண்டபத்துச் சுவரோவியம். கருநிறத் துறவிகளும் வெளிர்நிறத் துறவிகளும் இருவர் இருவராகக் கைகலந்து பயில்கிறார்கள். கருநிறத்தவர் இந்தியர் என்று கொண்டு, இந்தியரும் சீனரும் கூடிப் பயின்ற ‘அருகர் கை’ என்று அதற்கு விளக்கம் தந்தார். ஓவியம் உண்மையானது, இன்றும் இருக்கிறது. ஆனால் அது 19ஆம் நூற்றாண்டு ஓவியம். போதிதர்மர் காலத்துக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் பிந்தியது. தன் பழங்காலத்தை மடம் எப்படிக் கற்பனை செய்தது என்பதற்கே அது சாட்சி. சோ தோஷின் 1979இல் மீண்டும் ஷாவோலின் சென்று வந்து, மறு ஆண்டு மறைந்தார்.

களரியும் வஜ்ரமுஷ்டியும்

இந்தக் கதையின் இந்திய முனையைப் பார்த்தால் களரிக்குக் காலம்தான் முதல் தடை. எளங்குளம் குஞ்ஞன் பிள்ளை அதன் எழுச்சியை 11ஆம் நூற்றாண்டுச் சேர-சோழப் போர்களோடு பொருத்தினார். பல ஆண்டுகள் கேரளத்தில் பயின்று ஆராய்ந்த பிலிப் ஜரில்லியும் இன்றைய களரி 12ஆம் நூற்றாண்டளவில் வடிவம் பெற்றது என்ற கருத்தினர். சங்க காலம் முதல் போர்ப் பயிற்சி இருந்தது உறுதி. போதிதர்மர் கையோடு கொண்டுபோனதாகச் சொல்ல, களரி என்ற முறை அப்போது இருந்தது என்று காட்ட வேண்டும்.

மேலைநாட்டுத் தற்காப்புக் கலை எழுத்தாளர்கள் களரியைவிட அதிகம் பிடித்துக்கொண்டது வஜ்ரமுஷ்டியை. பெயரில் வஜ்ரம் இருப்பதும், ஷாவோலினின் தெய்வம் வஜ்ரபாணியாக இருப்பதும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தன. கலையை நேரில் பார்த்தால் பொருத்தம் கரைந்துவிடுகிறது. மைசூர் தசராவில், விஜயதசமி நாளில், ஜம்பூ சவாரி ஊர்வலத்துக்கு முன்பாக அரண்மனைக்குள் இரண்டு இணை ஜெட்டி மல்லர்கள் மோதுவார்கள். மைசூர், சாமராஜநகர், சென்னபட்டணம், பெங்களூரு ஆகிய ஊர்களிலிருந்து வருபவர்கள். தலையை மழித்து உச்சியில் குடுமி மட்டும் விட்டிருப்பார்கள். வலது கை விரல்களில் கொம்பாலோ தந்தத்தாலோ செய்த கூர்முனைகள் கொண்ட கருவி. மற்போர்ப் பிடிகளுக்கு நடுவே எதிராளியின் தலையில் அதைப் பதிக்க முயல்வார்கள். முதல் ரத்தத் துளி தெரிந்ததும் நடுவர் நிறுத்திவிடுவார். பல ஆண்டுகளில் சில நொடிகளில் முடிந்துவிடும். கராத்தேயில் ஆயுதமும் இல்லை, இப்படிக் கட்டிப்பிடித்து மல்லாடும் முறையும் இல்லை.

இந்தக் கலைக்கு உள்ள சொந்த வம்சாவளி, கடன் வாங்கிய எதையும்விட அழுத்தமானது. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வந்த ‘மானசோல்லாசம்’ மல்லர்களை வகை பிரித்து, ‘ஜ்யேஷ்டிகர்’ என்ற முதல்தரத்தாரையும் அவர்களுக்கான உணவையும் பயிற்சியையும் விவரிக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியரான நூனிஸ், கைகளில் கூர்முனை வளையங்கள் தரித்துக் குத்திக்கொள்ளும் அரண்மனை மல்லர்களைக் கண்டு எழுதினார். விஜயநகர மகாநவமியைத் தொடர்ந்து 1610இல் ராஜ உடையார் சீரங்கப்பட்டணத்தில் தசராவைத் தொடங்கினார். திப்புவின் காலத்தில் அங்கே சிறைப்பட்டிருந்த ஜேம்ஸ் ஸ்கரி ஜெட்டிகளின் சண்டையை விவரித்திருக்கிறார். எண்ணூறு ஆண்டு எழுத்துச் சான்றுள்ள கலையை, சான்றே இல்லாத ஒரு சீனப் பயணத்தின் பெயரால் பெருமைப்படுத்துவது வீண் வேலை.

கடைசியாக மிஞ்சுவது ஒப்புமை வாதம். வர்மத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்கள். புபிஷியிலும் அடிபட்டால் ஆபத்தான இடங்களின் பட்டியல் உண்டு. ஆனால் புபிஷியின் பட்டியல் சீன மருத்துவத்தின் பன்னிரு இரட்டை மணிநேரக் கணக்கோடு பிணைந்தது. வர்மத்தின் கணக்கு சித்த மருத்துவ வாசி, நாடிக் கோட்பாட்டோடு பிணைந்தது. நெற்றிப்பொட்டும் குரல்வளையும் விலாவும் எந்த நாட்டு மனிதனுக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. இடங்கள் ஒத்திருப்பதைவிட, அவற்றுக்குச் சொல்லும் காரணமும் பெயரும் ஒத்திருந்தால்தான் கடன் என்று சந்தேகிக்கலாம்.

பெங்களூரில் கற்பிக்கப்படும் ஷோடோகான், கோஜு-ரியூ, ஷிதோ-ரியூ ஆகிய பிரிவுகளின் பரம்பரையைப் பெயர் பெயராகப் பின்னோக்கி எடுத்துச் செல்லலாம். ஷோடோகானுக்கு ஃபுனகோஷி, கோஜு-ரியூவுக்கு மியாகி. ஷிதோ-ரியூவைத் தொடங்கிய மபுனி கென்வா, இதோசு, ஹிகாவோன்னா இருவரிடமும் பயின்றவர். இதோசுவுக்கு முன் மட்சுமுரா சோகோன், அவருக்கு முன் ‘தோதே’ சகுகாவா. சகுகாவாவைத் தாண்டினால் 1762ஆம் ஆண்டுக் கப்பல் பயணிகள் சொன்ன கூஷாங்கினும், பெயர் பதிவாகாத ஃபூஜியன் ஆசான்களும்தான்.